இழுக்கிறது, பிடிக்கிறது, தாவ வரவில்லை: தசை நீட்டலிலும் வார்ம் அப்பிலும் கோளாறு எங்கே?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மைதானங்களுக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் எங்கும் ஒரே காட்சிதான். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, காலை நீட்டி, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு இருபதுவரை எண்ணுவார்கள். அடுத்து இன்னொரு கால். பிறகு விசில் ஊதினால் கபடி தொடங்கிவிடும். கேட்டால், "வார்ம் அப் முடிந்தது, சார்" என்பார்கள். முடியவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. அவர்கள் செய்தது தசை நீட்டல். உடம்பு இன்னும் பாயில்தான் படுத்திருக்கிறது.

இரண்டும் வெவ்வேறு வேலைகள். வார்ம் அப், தசையின் வெப்பத்தை ஏற்றி, ரத்த ஓட்டத்தைக் கூட்டி, அடுத்து வரப்போகும் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் நரம்புகளை ஒத்திகை பார்க்க வைக்கிறது. அதன் பலன் அந்தக் காலைப் பொழுதுக்கு மட்டும். நீட்டல், மூட்டு போகக்கூடிய தூரத்தை வாரக்கணக்கில் கூட்டுகிறது. அதன் பலன் மெதுவாக வரும், தொடர்ந்து செய்தால் நிலைக்கும். விளையாட வருகிறவர்கள் சொல்லும் கோளாறுகளில் பெரும்பகுதி, ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டியதால் வருபவை. கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும்.

அதற்கு முன் ஒரு சோதனை. உங்களுக்கு இருப்பது இழுப்பா, வலியா? இழுப்பு தசையின் நடுப்பகுதியில் பரவலாகத் தெரியும். காலைத் தளர்த்தியதும் போய்விடும். ஒரே புள்ளியில் குத்துவது, மூட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டதுபோல் இருப்பது, மின்சாரம் பாய்ந்ததுபோல் கால்விரல்வரை ஓடுவது, மரத்துப்போவது ஆகிய எதுவும் இழுப்பு இல்லை. அவற்றை நீட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

அறிகுறி: நன்றாக நீட்டிய பிறகு தாவினால் உயரம் குறைகிறது, கால் தளர்ந்ததுபோல் இருக்கிறது

இது மனப்பிரமை இல்லை. ஒரு தசையை அசையாமல் நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால், அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் வலிமை குறையும். இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வில் கிடைத்த கணக்கு இது: ஒரு தசைக்கு 60 விநாடிக்குக் குறைவாகப் பிடித்தவர்களுக்குச் செயல்திறன் சராசரியாக 1 சதவீதம் அளவுக்கே குறைந்தது, 60 விநாடிக்கு மேல் பிடித்தவர்களுக்கு 4.6 சதவீதம் குறைந்தது. மிக அதிகமாகப் போனால் என்ன ஆகும் என்று 2000இல் கனடா ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கெண்டைக்காலை மொத்தம் 30 நிமிடம் நீட்டவைத்தபோது வலிமை உடனே 28 சதவீதம் விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் 9 சதவீதக் குறைவு மிச்சமிருந்தது.

தசை கிழிந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். தசையை இயக்கும் நரம்புச் சமிக்ஞை சற்று மங்குகிறது, தசையும் தசைநாணும் கொஞ்சம் தொய்கின்றன, அவ்வளவுதான். அது தானாகத் திரும்பிவிடும். ஆனால் உயரம் தாண்டுபவருக்கும் கபடியில் பாடிப் போகிறவருக்கும் அந்த 4 சதவீதம்தான் ஆட்டமே.

சரிசெய்வது எளிது, வரிசையை மாற்றினால் போதும். முதலில் ஐந்து நிமிடம் மெதுஓட்டம், வியர்வை அரும்பும்வரை. பிறகு அசைவோடு நீட்டுங்கள்: காலை முன்னும் பின்னும் வீசுவது, நீண்ட எட்டு வைத்து இறங்கி நடப்பது, முழங்காலை மார்புவரை தூக்கி ஓடுவது, குதிகால் பின்புறத்தில் படும்படி ஓடுவது. அசைவோடு செய்யும் நீட்டல் வலிமையைக் குறைப்பதில்லை. சற்றே கூட்டவும் செய்கிறது. ஏதாவது ஒரு தசை மட்டும் இறுக்கமாகத் தெரிந்தால் அதை 15 முதல் 30 விநாடி பிடித்துவிட்டு, அதன்பின் நாலைந்து சிறு ஓட்டங்கள் ஓடுங்கள். அந்த ஓட்டங்கள் குறைந்ததை ஈடுகட்டிவிடும். நீண்ட நேரம் பிடிக்கும் நீட்டலை மாலையிலோ பயிற்சி முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. விரல் நுனியில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு சுவரோரம் நின்று தாவிக் குறி வையுங்கள். ஒரு நாள் உங்கள் பழைய முறைக்குப் பிறகு, இன்னொரு நாள் இந்த முறைக்குப் பிறகு. சுவர் பதில் சொல்லும். வீட்டுச் சுவரில் மட்டும் வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்குபோல் பூசிய பழைய செட்டிநாட்டுச் சுவரில் விழும் கறைக்கு ஆச்சியிடம் நான் ஜாமீன் நிற்க முடியாது.

அறிகுறி: வார்ம் அப் செய்துதான் இறங்கினேன், ஆனாலும் முதல் வேக ஓட்டத்தில் பின்தொடை பிடித்துக்கொண்டது

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் ஒரு முறை பிடித்த பின்தொடை திரும்பவும் பிடிக்கும் வழக்கமுடையது. மூன்று காரணங்களைத் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

முதலாவது, சூடு ஆறிப்போயிருக்கலாம். ஓய்வில் இருக்கும் தொடைத் தசை உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இருக்கும். பத்து நிமிட ஓட்டத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறும். ஏறியது உட்கார்ந்த உடனே இறங்கத் தொடங்கி, கால் மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். காலையில் நாலு சுற்று ஓடிவிட்டு, பொட்டலில் மணிக்கணக்கில் காத்து நின்று, காளை அவிழ்த்துவிடப்பட்ட அந்தக் கணத்தில் முழு வேகத்தில் பாய்வார்கள். காலையில் ஓடியது எப்போதோ செலவாகிவிட்டது. கபடியில் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதைதான். காத்திருக்க வேண்டியிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, நின்ற இடத்திலேயே குதித்து, இரண்டு குறுவேக ஓட்டம் ஓடிவிட்டு உட்காருங்கள்.

இரண்டாவது, ஒத்திகை பாதியில் நின்றிருக்கலாம். மெதுஓட்டத்திலிருந்து நேரே முழு வேகத்துக்குத் தாவக் கூடாது. பின்தொடைத் தசை கிழிவது பெரும்பாலும், வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்புதான். அந்த நொடியில் தசை நீண்டுகொண்டே காலைத் தடுத்து நிறுத்தவும் வேண்டும். மெதுஓட்டத்தில் இந்தச் சுமை வருவதே இல்லை. ஆகவே 30 மீட்டர் தூரத்தைப் பாதி வேகம், முக்கால் வேகம், முக்காலுக்கும் மேல் என்று ஏற்றி ஏற்றி ஓடிய பிறகே முழு வேகத்துக்குப் போங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. நீண்ட நிலையில் அந்தத் தசைக்கு வலிமை இல்லை. இதை எந்த நீட்டலும் கொடுக்காது. "நன்றாக நீட்டினால் காயம் வராது" என்பது பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பயிற்சிக்கு முன் நீட்டவைத்தும் மற்றவர்களை நீட்டவைக்காமலும் 12 வாரம் பார்த்தார்கள். 2000இல் வெளியான முடிவு: காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

காயத்தைக் குறைப்பது வலிமைப் பயிற்சி. பின்தொடைக்கென்றே 'நார்டிக்' என்ற பயிற்சி ஒன்று இருக்கிறது. மண்டியிட்டு நில்லுங்கள், ஒருவர் பின்னால் உட்கார்ந்து கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். இடுப்பை மடக்காமல் உடலை நேராக வைத்தபடி முன்னோக்கி மெல்லச் சாயுங்கள். முடிந்தவரை பின்தொடையால் தாங்கி, முடியாதபோது கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். கைகளால் தள்ளி எழுந்து மறுபடியும் செய்யுங்கள். தொடக்கத்தில் வாரம் ஒருநாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை. பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். டென்மார்க், நெதர்லாந்து கால்பந்து வீரர்களிடம் நடந்த சோதனைகளில் பின்தொடைக் காயங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் செய்வதானால் முழங்காலுக்கு அடியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். கல் வழுக்கும், முட்டியும் நோகும். முதல் வாரம் படி இறங்கும்போது தொடை உங்களைத் திட்டும், அது எதிர்பார்த்ததுதான்.

ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டதா? முதல் சில நாட்களுக்கு அதை நீட்டாதீர்கள். "இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று காலைத் தூக்கிப் பிடிக்கும் நண்பர்களை அருகில் விடாதீர்கள். 'டப்' என்ற ஓசையோ, கறுத்த ரத்தக்கட்டோ, ஊன்ற முடியாத நிலையோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஆனால் இரவில் படுக்கையில் கெண்டைக்கால் தானாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும் தசைப்பிடிப்பு வேறு கதை. அதற்கு நீட்டல்தான் உடனடி மருந்து. கால்விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும்.

அறிகுறி: மாதக்கணக்கில் நீட்டியும் விரல் தரையைத் தொடவில்லை

முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு குனிந்து பாருங்கள். கை சட்டென்று தரையைத் தொட்டால் தடை பின்தொடையில். மடக்கியும் தொடவில்லை என்றால் முதுகும் இடுப்பும் பார்க்க வேண்டியவை. அடுத்து, குனிந்த நிலையில் தாடையை மார்போடு சேர்த்து, பிறகு தலையை நிமிர்த்துங்கள். தலையை நிமிர்த்தியதும் காலில் இழுப்பு குறைகிறதா? அப்படியானால் இழுபடுவது தசை மட்டும் இல்லை. முதுகுத் தண்டிலிருந்து கால்வரை ஓடும் நரம்பும் பங்கெடுக்கிறது. அதை முரட்டுத்தனமாக இழுத்தால் எரிச்சல்தான் கூடும்.

தசைதான் காரணம் என்று உறுதியானால் அளவைப் பாருங்கள். நினைத்த நாளில் ஐந்து நிமிடம் வெறிபிடித்தாற்போல் இழுப்பதால் பயனில்லை. 1994இல் நடந்த ஒரு சோதனையில் பின்தொடையை வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒருமுறை, ஆறு வாரம் நீட்டவைத்தார்கள். 30 விநாடி பிடித்தவர்களுக்கும் 60 விநாடி பிடித்தவர்களுக்கும் ஒரே பலன். 15 விநாடிக்காரர்கள் பின்தங்கினார்கள். ஆக, 30 விநாடி போதும். ஆனால் பெரும்பாலான நாட்களில் செய்ய வேண்டும். இழுப்பு தெரிய வேண்டும், பல்லைக் கடிக்கும்படி இருக்கக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, தசை நீண்டதால் வருவதில்லை. "இத்தோடு நிறுத்து" என்று நரம்பு மண்டலம் கத்தும் எல்லை கொஞ்சம் தள்ளிப்போவதால் வருவது. தசைக்கு இழுப்பு பழகிவிடுகிறது. அதனால்தான் சில வாரம் விட்டால் வந்தது போய்விடுகிறது. போகாமல் இருக்க, புதிதாகக் கிடைத்த தூரத்தில் அந்தத் தசைக்கு வேலை கொடுங்கள். கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து மெல்லக் குனிந்து நிமிருங்கள். எட்டு முறை, மூன்று தடவை. முழுத் தூரத்துக்கும் செய்யும் வலிமைப் பயிற்சி, நீட்டலுக்கு ஏறக்குறைய ஈடான நெகிழ்வைத் தருகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெளிவாகியிருக்கிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் நீட்டலை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாம் என்பேன் நான். யோகா ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கை குட்டையாகவும் கால் நெட்டையாகவும் பிறந்தவர்களுக்குத் தரை எட்டாது. அது கோளாறே இல்லை.

அறிகுறி: குத்தவைத்து உட்கார்ந்தால் குதிகால் தூக்கிக்கொள்கிறது

முற்றத்தில் குத்தவைத்துப் பாத்திரம் துலக்கிய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே புரியாது. நாற்காலியும் மேலைநாட்டுக் கழிப்பறையும் வந்த பிறகு வளர்ந்தவர்களுக்கு வருவது. சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். கட்டைவிரல் சுவரிலிருந்து நாலு விரற்கடைகூடத் தள்ளி இருக்க முடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கம்தான் காரணம்.

அந்த நிலையில் எங்கே தெரிகிறது? கெண்டைக்காலில் இழுத்தால் நீட்டல் பயன்படும். கணுக்காலின் முன்பக்கம் கிள்ளினாற்போல் இருந்தால் தடை மூட்டில். நீட்டிப் பயனில்லை, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். கெண்டைக்காலுக்கு, வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலால் எழும்பி, ஒற்றைக் காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். நீட்டலும் வலிமையும் ஒரே அசைவில் கிடைத்துவிடும். செட்டிநாட்டு வீட்டில் படிக்கா பஞ்சம்!

அறிகுறி: வார்ம் அப்பிலேயே களைத்துப்போகிறேன்

மே மாதமா? காரணம் தெரிந்துவிட்டது. வெயில் காலத்தில் உடல் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது. மார்கழிக் காலையில் பதினைந்து நிமிடம் தேவைப்படுவது, சித்திரை மாலையில் ஏழெட்டு நிமிடம் போதும். மெதுஓட்டத்தைக் குறையுங்கள், ஒத்திகை ஓட்டங்களைக் குறைக்காதீர்கள். "வெயிலே வார்ம் அப்தானே" என்று அடியோடு விடுவதும் தவறு. வெயில் தோலையும் கொஞ்சம் தசையையும் சூடாக்கும், நரம்புகளுக்கு ஓடக் கற்றுத்தராது. நிழலில் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு வந்தால் ஆட்டத்தை நிறுத்தி உடலைக் குளிரவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: ஆடி முடித்ததும் நீட்டினேன், மறுநாள் வலி அப்படியே இருக்கிறது

இருக்கும். பழகாத வேலைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்கு வரும் இந்த வலியை நீட்டல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைப்பதில்லை. நூறு புள்ளி வலியில் ஒரு புள்ளி குறைந்தால் அதிகம். நடந்துகொடுங்கள், போய்விடும்.

அறிகுறி: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறது

தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் வரும் புகார் இது. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள், ஆண்டு முழுவதும் நடக்காமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் அத்தனையையும் நடந்துவிடுகிறார்கள். அதுவும் தார்ச்சாலையில், பலர் வெறுங்காலில். சென்ற ஆண்டு ஒரு ஆச்சி கேட்டார்: "ஏன் தம்பி, கிளம்புகிற அன்றைக்குக் காலையில் நன்றாக நீட்டிக்கொண்டால் போதாதா?" போதாது, ஆச்சி. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் பட்டையான நாருக்கு அன்றைய நீட்டல் ஒன்றும் செய்யாது. ஆறு வாரத்துக்கு முன்பே நடையைத் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றிவர வேண்டும்.

வலி வந்துவிட்டவர்கள், கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே நோகும் காலை மற்ற முழங்காலின் மேல் போட்டு, கால்விரல்களைப் பின்னோக்கிப் பத்து விநாடி வளைத்துப் பிடியுங்கள். பத்து முறை. பகலில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலால் மெதுவாக எழும்பி இறங்குங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். சரியாக மாதங்கள் ஆகும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்கால் நடைக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுவது கட்டாயம். கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

அறிகுறி: எப்படி வேண்டுமானாலும் வளைகிறேன், ஆனால் மூட்டு நழுவுவதுபோல் இருக்கிறது

பரதமும் யோகாவும் பழகும் பெண் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கலாம். முழங்கை பின்பக்கமாக வளையும், கட்டைவிரல் முன்கையைத் தொடும். எல்லோரும் கைதட்டுவார்கள். இவர்களுக்கு "இறுக்கமாக இருக்கிறது" என்ற உணர்வும் வரும். தளர்ந்த மூட்டைக் காப்பதற்குத் தசை தானே இறுகிக்கொள்வதால் வருவது அது. அதை நீட்டினால் காவலையும் கழற்றிவிடுகிறோம். நீட்டலை நிறுத்திவிட்டு, எல்லைக்கு முன்பே அசைவை நிறுத்தப் பழகி, வலிமையைக் கூட்டுங்கள். மூட்டு ஒருமுறையாவது முழுவதும் விலகியிருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: தோள் நாளுக்கு நாள் குறைவாகவே தூக்க வருகிறது

நாற்பது வயதுக்கு மேல், அதுவும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு, இரவில் வலித்து, தலை வாரவும் சட்டை மாட்டவும் கை எழும்பாமல் போனால் அது உறைந்த தோளாக இருக்கக்கூடும். மற்றவர் கையைப் பிடித்து உயர்த்தினாலும் எழும்பாது என்பது அதன் அடையாளம். வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் பலம்கொண்டு இழுப்பது நிலைமையை மோசமாக்கும். சர்க்கரை அளவையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

காலையில் எழுந்தால் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருப்பதும், விரல் மூட்டுகள் வீங்குவதும், காய்ச்சலோடு முதுகு வலிப்பதும், சிறுநீர் அடக்க முடியாமல் போவதும் இந்தப் பக்கத்தில் தீர்வு தேட வேண்டியவை இல்லை. கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.